கடல் கடந்த குரல்

1915ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள ரட்கர்ஸ் கல்லூரியில் 17 வயது மாணவர் ஒருவர் சேர்ந்தார். அவர் பெயர் பால் ரோப்சன். அக்கல்லூரி தொடங்கப்பட்டு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருந்தது. அதுவரை அங்கே படித்த கறுப்பின மாணவர்கள் இருவர் மட்டுமே. ரோப்சன் மூன்றாமவர். அவர் சேர்ந்தபோது கல்லூரி முழுவதிலும் வேறு கறுப்பின மாணவர் எவரும் இல்லை.

சில நாள்களில் காற்பந்துக் குழுவுக்கான தேர்வு நடந்தது. நாம் இங்கே ஆடும் காற்பந்து வேறு. அமெரிக்கர்கள் அப்பெயரால் அழைக்கும் ஆட்டம் வேறு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓட வேண்டும். எதிரணியினர் ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவார்கள். உடலோடு உடல் மோதும் முரட்டு ஆட்டம் அது. ரோப்சன் ஆறடிக்கு மேல் உயரமும் அதற்கேற்ற உடற்கட்டும் கொண்டவர். உயர்நிலைப்பள்ளியில் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்தவர். ஆனால், குழுவிலிருந்த வெள்ளையர்கள் கறுப்பினத்தவர் ஒருவரோடு சேர்ந்து ஆட விரும்பவில்லை. பயிற்சி ஆட்டம் என்ற பெயரில் பலர் ஒரே நேரத்தில் அவர்மீது பாய்ந்தார்கள். மூக்கெலும்பு முறிந்தது. தோள்பட்டை இடம் பெயர்ந்தது. பத்து நாள்கள் அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

விட்டுவிடலாம் என்று அவர் நினைத்ததுண்டு. ஆனால், வீட்டில் அவர் கற்றிருந்த பாடம் வேறு. கல்லூரியில் அவர் தம் ஒருவருக்காக மட்டும் இல்லை. அங்கே வர ஆசைப்பட்டும் வாய்ப்புக் கிடைக்காத கறுப்பின இளைஞர்கள் அனைவருக்காகவும் இருக்கிறார் என்று அவருடைய தந்தை சொல்லியிருந்தார். உடல் தேறியதும் ரோப்சன் மீண்டும் திடலுக்குப் போனார். இம்முறை ஒருவர் ஆணி பதித்த காலணியால் அவருடைய கையை மிதித்தார். நகங்கள் பெயர்ந்தன. ரோப்சனுக்கு வந்த சினத்துக்கு அளவில்லை. அடுத்து பந்தை ஏந்தி வந்தவரை அப்படியே தலைக்கு மேலே தூக்கிவிட்டார். தரையில் அறைவதற்குள் பயிற்றுநர் சான்ஃபோர்ட் உரத்த குரலில், ரோப்சன் குழுவில் சேர்க்கப்பட்டுவிட்டதாக அறிவித்தார். தூக்கப்பட்டவர் தப்பினார்.

ரோப்சனின் தந்தை வில்லியம் அடிமையாகப் பிறந்தவர். வட கரோலினாவின் தோட்டம் ஒன்றிலிருந்து 1860ஆம் ஆண்டு, தம் 15ஆம் வயதில் தப்பி ஓடினார். பின்னர்க் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்று, பிரின்ஸ்டன் நகரில் தேவாலயப் போதகரானார். அங்குதான் 1898ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பால் பிறந்தார். குடும்பத்தின் கடைக்குட்டி அவர். அவருக்கு ஐந்து வயதாக இருந்தபோது, வீட்டு அடுப்பிலிருந்து பற்றிய தீயில் தாயார் மரியா உயிரிழந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே தந்தை போதகர் பதவியை இழந்திருந்தார். கிரேக்கமும் இலத்தீனும் கற்ற அந்த மனிதர், குதிரை வண்டி ஓட்டியும் வீடு வீடாகச் சாம்பல் அள்ளியும் பிள்ளைகளை வளர்த்தார். அதைப் பற்றி அவர் குறைபட்டுக்கொண்டதே இல்லை என்பதை மகன் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்தார்.

பின்னர்க் குடும்பம் சோமர்வில் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. தந்தைக்கு மீண்டும் ஒரு தேவாலயப் பொறுப்புக் கிடைத்தது. அங்குள்ள உயர்நிலைப்பள்ளியில் பால் விளையாடினார், பாடினார், ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தார். இறுதியாண்டில், மாநில அளவில் ரட்கர்ஸ் கல்லூரிக்கான உபகாரச் சம்பளத் தேர்வு ஒன்று நடப்பது அவருக்குத் தாமதமாகத்தான் தெரிய வந்தது. மற்ற மாணவர்கள் முந்தைய ஆண்டே தேர்வின் முதற்பகுதியை எழுதி முடித்திருந்தார்கள். அவரோ நான்காண்டுப் பாடங்களையும் ஒரே அமர்வில் எழுத வேண்டியிருந்தது. எழுதினார், வென்றார். திடலில் அடிபட்ட அந்த மாணவர் கல்லூரிக்குள் நுழைந்தது விளையாட்டுத் திறனால் அன்று, கல்வித் திறனால்.

குழுவில் இடம் கிடைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. 1916ஆம் ஆண்டு ரட்கர்ஸ் கல்லூரி தன் 150ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாடியது. விழாவையொட்டித் தென்மாநிலக் கல்லூரியான வாஷிங்டன் அண்ட் லீயுடன் ஆட்டம் ஒன்று ஏற்பாடாகியிருந்தது. கறுப்பினத்தவர் ஒருவர் களமிறங்கினால் ஆட முடியாது என்று விருந்தினர் குழு சொன்னது. ரட்கர்ஸ் பணிந்தது. தம் சொந்தக் கல்லூரியின் விழா ஆட்டத்தில் ரோப்சன் திடலுக்கு வெளியே உட்கார வைக்கப்பட்டார். அவர் எதிர்த்து எதுவும் பேசவில்லை. பேசக்கூடிய நிலையிலும் இல்லை. ஓர் இளம் கறுப்பின மாணவர் வாயைத் திறந்தால், கிடைத்த இடமும் பறிபோகும் காலம் அது. ஆனால், அந்த மௌனம் அவருக்குள் நெடுநாள் கனன்றுகொண்டே இருந்தது. அடுத்த ஆண்டு வேறொரு குழு அதே கோரிக்கையோடு வந்தபோது, பயிற்றுநர் சான்ஃபோர்ட் மறுத்துவிட்டார். ரோப்சன் ஆடினார்.

1917ஆம் ஆண்டு நவம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலுள்ள எபெட்ஸ் திடலில் நடந்த ஆட்டம் அவருடைய புகழை நாடெங்கும் கொண்டு சென்றது. எதிரணி நியூபோர்ட் கடற்படைக் குழு. முதல் உலகப் போருக்காகப் படையில் சேர்ந்திருந்த முன்னாள் கல்லூரி நட்சத்திரங்கள் பலர் அதில் ஆடினர். சிறிய கல்லூரியான ரட்கர்ஸ் 14–0 என்று வென்றது. தாக்குதலிலும் தற்காப்பிலும் ரோப்சனே அன்றைய நாயகர் என்று நாளேடுகள் எழுதின. 1917, 1918 ஆகிய ஈராண்டுகளிலும் நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களுள் ஒருவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்காலத்தில் காற்பந்து வட்டாரத்தில் வால்டர் கேம்ப் என்பவரின் தேர்வுக்கு மறுபேச்சுக் கிடையாது. 1918ஆம் ஆண்டு அவருடைய பட்டியலிலும் ரோப்சன் இடம்பெற்றார்.

காற்பந்தோடு அவர் நிற்கவில்லை. பேஸ்பால் குழுவில் பந்தைப் பிடிப்பவராகவும், கூடைப்பந்துக் குழுவிலும் ஆடினார். திடல்தடப் போட்டிகளில் வட்டெறிந்தார். ஆக, நான்கு விளையாட்டுகளில் கல்லூரியின் சார்பாகக் களமிறங்கினார். இதற்கிடையே சொற்போட்டிகளில் ஆண்டுதோறும் பரிசு வென்றார். 1918ஆம் ஆண்டு மே மாதம் தந்தை காலமானார். அடுத்த சில நாள்களிலேயே கல்லூரிப் பேச்சுப்போட்டி இருந்தது. தந்தைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பதற்காக அதில் கலந்துகொண்டு வென்றார். கல்வியில் தலைசிறந்த மாணவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்ளும் ஃபை பீட்டா கப்பா கழகத்துக்கும் தேர்வானார். 1919ஆம் ஆண்டு பட்டமளிப்பு விழாவில் மாணவர்களின் சார்பில் விடைபெறும் உரை நிகழ்த்தும் பெருமையும் அவருக்கே கிடைத்தது. இத்தனைக்கும் நடுவே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்லூரிப் பாடற்குழுவில் அவர் பாடலாம். ஆனால், குழு வெளியூர் போகும்போது உடன் போக முடியாது. பிற்காலத்தில் உலகமே கேட்க விரும்பிய குரல் அது.

அவர் வழக்கறிஞராக விரும்பினார். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். செலவுக்குப் பணம் வேண்டுமே! வார இறுதிகளில் இரயிலேறித் தொலைவிலுள்ள நகரங்களுக்குச் சென்று தொழில்முறைக் காற்பந்து ஆடினார். 1921இல் ஆக்ரன் புரோஸ் குழுவுக்கும் 1922இல் மில்வாக்கி பேட்ஜர்ஸ் குழுவுக்கும் ஆடினார். அந்த ஆண்டுகளில்தான் எஸ்லாண்டா குட் என்னும் பெண்ணை மணந்தார். மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேதியியலாளராகப் பணியாற்றிய எஸ்லாண்டா கூர்மையான அறிவும் துணிச்சலும் உடையவர். கணவரிடம் நடிகர் ஒருவர் ஒளிந்திருப்பதை அவருக்கும் முன்பே கண்டவர் எஸ்லாண்டாதான் என்று சொல்லலாம்.

1923ஆம் ஆண்டு சட்டப் பட்டம் பெற்ற ரோப்சன் நியூயார்க் சட்ட அலுவலகம் ஒன்றில் பணியில் அமர்ந்தார். ஒருநாள் ஓர் ஆவணத்தை எழுதிக்கொள்ளும்படி அங்கிருந்த சுருக்கெழுத்தாளரிடம் சொன்னார். கறுப்பினத்தவர் சொல்வதைத் தாம் எழுத முடியாது என்று அப்பெண் இழிசொல்லோடு மறுத்துவிட்டார். அவருக்கு வழக்குகளை ஒப்படைக்க வாடிக்கையாளர்களும் தயங்குவார்கள் என்பது விரைவில் தெளிவாயிற்று. ரோப்சன் அலுவலகத்தை விட்டு வெளியேறினார். வழக்கறிஞர் தொழிலுக்கு அவர் திரும்பவே இல்லை.

மேடை அவரை வரவேற்றது. 1924ஆம் ஆண்டு யூஜின் ஓநீல் எழுதிய நாடகங்களில் முதன்மைப் பாத்திரமேற்றார். அவற்றுள் ஒன்று, கறுப்பின ஆணும் வெள்ளையினப் பெண்ணும் மணந்துகொள்வதைப் பற்றியது. அரங்கேறும் முன்பே மிரட்டல்கள் வந்தன. நாடகம் நடந்தது. அவருடைய நடிப்பை விமர்சகர்கள் புகழ்ந்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில், லாரன்ஸ் பிரவுன் பியானோ வாசிக்க, ரோப்சன் முழுநீளக் கச்சேரி ஒன்று செய்தார். பாடியவை அனைத்தும் கறுப்பின மக்களின் பாடல்கள். பருத்திக் காடுகளில் அடிமைகள் பாடியவை; தந்தையின் தேவாலயத்தில் சிறுவனாக இருந்தபோது அவர் கேட்டவை. பெரிய இசையரங்குகள் அதுவரை அவற்றைக் கலையாகப் பெரிதும் மதித்ததில்லை. அன்று அரங்கு நிரம்பி வழிந்தது. கூட்டம் கலைய மறுத்து மீண்டும் மீண்டும் பாடச் சொன்னது.

1928இல் இலண்டனில் அரங்கேறிய ‘ஷோ போட்’ இசை நாடகத்தில் அவர் பாடிய ‘ஓல் மேன் ரிவர்’ என்னும் பாடல் அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்டது. மிசிசிப்பி ஆற்றங்கரையில் மூட்டை சுமக்கும் கறுப்பினத் தொழிலாளியின் பாடல் அது. அடிவயிற்றிலிருந்து எழும் அவருடைய கனத்த குரலுக்கென்றே பிறந்த பாடல் போலிருந்தது. அஸ்ஸாமியப் பாடகர் பூபேன் ஹசாரிகா நியூயார்க்கில் படித்த காலத்தில் ரோப்சனைச் சந்தித்தார். ஆற்றைப் பார்த்துக் கேள்வி கேட்கும் ஹசாரிகாவின் புகழ்பெற்ற பாடல், இப்பாடலின் தாக்கத்தில் உருவானதுதான்.

இலண்டனில் ரோப்சன் குடும்பம் பத்தாண்டுக்கும் மேல் வாழ்ந்தது. அமெரிக்காவைவிட அங்கே மூச்சுவிட முடிந்தது. இருந்தாலும் பெரிய உணவகம் ஒன்று அவர் நிறத்தைக் காரணம் காட்டி அனுமதி மறுத்ததும் அங்கேதான். 1929ஆம் ஆண்டு ஒருநாள் தெருவில் பாட்டுச் சத்தம் கேட்டது. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையிழந்து, பசியோடு இலண்டனுக்கு நடந்து வந்திருந்தார்கள். நடந்தபடியே சேர்ந்து பாடினார்கள். ரோப்சன் அவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார். உடன் நடந்தார், அவர்களுக்காகப் பாடினார், ஊர் திரும்ப உதவினார். வறுமைக்கும் அவமதிப்புக்கும் தோலின் நிறம் மட்டுமே காரணமில்லை என்பதை அவர் அங்கே கண்டுகொண்டார். அன்று தொடங்கிய நட்பு அவருடைய வாழ்நாள் முழுவதும் நீடித்தது. 1940இல் வெளிவந்த ‘தி பிரவுட் வேலி’ திரைப்படத்தில் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களோடு வாழும் கறுப்பின மாலுமியாக நடித்தார். தாம் நடித்தவற்றுள் அதை அவர் பெரிதும் விரும்பினார்.

எல்லாத் திரைப்படங்களும் அப்படி அமையவில்லை. ஆப்பிரிக்க வாழ்வை மதிப்போடு காட்டும் என்று நம்பி நடித்த ஒரு படம், வெளிவந்தபோது ஏகாதிபத்திய ஆட்சியைப் போற்றுவதாக மாறியிருந்தது. அவர் மனம் நொந்தார். இலண்டனிலிருந்த கீழைமொழிக் கல்விக்கழகத்தில் சேர்ந்து சுவாஹிலி முதலிய ஆப்பிரிக்க மொழிகளைப் பயின்றார். பிற்காலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் பாடினார். ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்திருந்த விடுதலை இயக்கத்தினர் பலர் அவருக்கு நண்பர்களாயினர். 1938இல் இலண்டன் வந்த ஜவஹர்லால் நேருவையும் சந்தித்தார். அதே ஆண்டு, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஸ்பெயினுக்குச் சென்று குடியரசுப் படையினர் நடுவே பாடினார். ‘ஓல் மேன் ரிவர்’ பாடலின் வரிகளையும் மாற்றினார். சோர்ந்துபோன தொழிலாளியின் புலம்பலாக இருந்த இறுதிப் பகுதி, போராடப்போவதாகச் சொல்லும் உறுதியாக மாறியது. அதன்பின் அவர் பழைய வரிகளுக்குத் திரும்பவில்லை.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் தாயகம் திரும்பினார். 1943ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ அரங்கேறியது. ஒத்தெல்லோ ஆப்பிரிக்கப் பாத்திரம். ஆனால், அமெரிக்கப் பெருமேடைகளில் வெள்ளையர்களே முகத்தில் கரி பூசிக்கொண்டு அதை நடித்து வந்தார்கள். வெள்ளையின நடிகர்கள் சூழ ரோப்சன் அப்பாத்திரத்தை ஏற்றபோது வழக்கம் உடைந்தது. நாடகம் 296 முறை நடந்தது. பிராட்வேயில் ஷேக்ஸ்பியர் நாடகம் எதுவும் அத்தனை முறை நடந்ததில்லை. பின்னர் நாடகக் குழு நாடெங்கும் பயணம் செய்தது. கறுப்பினத்தவரைத் தனியே பிரித்து உட்கார வைக்கும் அரங்குகளில் நடிக்கமாட்டேன் என்று ரோப்சன் சொல்லிவிட்டார். 1916ஆம் ஆண்டு வாய் மூடித் திடலோரம் உட்கார்ந்திருந்தவர், இப்போது தாமே நிபந்தனை விதித்தார்.

அதே ஆண்டு டிசம்பரில் பேஸ்பால் குழு உரிமையாளர்களின் கூட்டத்துக்குச் சென்று, கறுப்பின ஆட்டக்காரர்களுக்குக் கதவைத் திறக்குமாறு வாதாடினார். நான்காண்டுகள் கழித்து ஜாக்கி ராபின்சன் முதன்மை லீக்கில் களமிறங்கினார். அவர் ஆடிய இடம், 30 ஆண்டுகளுக்குமுன் ரோப்சன் கடற்படைக் குழுவை வென்ற அதே எபெட்ஸ் திடல்.

போர் முடிந்து வீடு திரும்பிய கறுப்பினப் படைவீரர்கள் சிலர் தென்மாநிலங்களில் வெறிக்கும்பல்களால் கொல்லப்பட்டார்கள். 1946இல் ரோப்சன் அதிபர் ட்ரூமனைச் சந்தித்து, இக்கொலைகளைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று நேருக்கு நேர் வலியுறுத்தினார். அதிபர் இணங்கவில்லை. சந்திப்பு கசப்பில் முடிந்தது. அப்போது அமெரிக்காவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையே பனிப்போர் தொடங்கியிருந்தது. ரோப்சன் 1934 முதல் பலமுறை சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றவர். அங்கே நிறவெறியின்றி மதிக்கப்பட்டதாக உணர்ந்தவர். அந்த நன்றியுணர்வு ஒருவகையில் அவர் கண்ணை மறைத்தது. ஸ்டாலின் ஆட்சியில் எண்ணற்றோர் சிறைப்பட்டபோதும் கொல்லப்பட்டபோதும் அவர் வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை. அமெரிக்காவில் அநீதியைக் கண்டு வாய் திறந்தவர், அங்கே ஏன் மௌனம் காத்தார் என்ற கேள்வியை அவரைப் போற்றுவோரும் இன்றுவரை கேட்கின்றனர்.

1949ஆம் ஆண்டு பாரிஸ் அமைதி மாநாட்டில் அவர் பேசினார். கறுப்பின அமெரிக்கர்கள் சோவியத் ஒன்றியத்தோடு போரிட மாட்டார்கள் என்ற பொருளில், அவர் சொல்லாத சொற்களோடு செய்தி பரவியது. அமெரிக்கா கொதித்தது. அவரைத் துரோகி என்றார்கள். நாடாளுமன்றக் குழு ஒன்று அவருக்கு எதிராகப் பேச யாரை அழைத்தது தெரியுமா? ஜாக்கி ராபின்சனை. ராபின்சன் தயங்கினாலும் சென்றார், ரோப்சனின் கருத்தை மறுத்தார், நிறவெறியையும் கண்டித்தார். ஆனால், நாளேடுகள் முன்பகுதியை மட்டுமே பெரிதாக்கின. ரோப்சன் ராபின்சனைக் குறை சொல்ல மறுத்துவிட்டார். இருபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு எழுதிய தன்வரலாற்றில், ரோப்சன்மீது தமக்கு மதிப்புக் கூடியிருப்பதாக ராபின்சன் குறிப்பிட்டார்.

அந்த ஆண்டு கோடையில் நியூயார்க் மாநிலத்தின் பீக்ஸ்கில் என்னும் ஊருக்கு அருகில் அவருடைய கச்சேரி நடக்கவிருந்தது. கும்பல் ஒன்று புகுந்து தாக்கியதால் அது நடக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 4ஆம் நாள், அதே வட்டாரத்தில் மீண்டும் பாட வந்தார். தொழிற்சங்கத்தினர் கைகோத்து மனிதச் சுவராக நின்று காத்தார்கள். ஏறத்தாழ 20,000 பேர் கேட்டார்கள். கச்சேரி முடிந்து ஊர் திரும்பிய வண்டிகள்மீது வழிநெடுகக் கல்மாரி பொழிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

அதன்பின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. ஏற்பாடாகியிருந்த 80க்கும் மேற்பட்ட கச்சேரிகள் கைவிடப்பட்டன. வானொலியில் அவர் குரல் ஒலிக்கவில்லை. கடைகளில் அவருடைய இசைத்தட்டுகள் கிடைக்கவில்லை. ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்குமேல் ஈட்டியவரின் வருமானம் சில ஆயிரமாகச் சுருங்கியது. 1950இல் அரசாங்கம் அவருடைய கடப்பிதழைத் திரும்ப ஒப்படைக்கச் சொன்னது. மறுத்ததும் அதை ரத்து செய்தது. வெளிநாட்டில் பாடிப் பிழைக்கும் வழியும் அடைபட்டது. இதைவிட விந்தையான ஒன்றும் நடந்தது. அக்காலத்தில் வெளிவந்த காற்பந்துப் பதிவேடு ஒன்றில், 1918ஆம் ஆண்டின் தலைசிறந்த குழுவில் பத்துப் பேரின் பெயர்கள் மட்டுமே இருந்தன. அது பதினொருவர் ஆடும் ஆட்டம்.

அரசியல் பேச்சை விட்டுவிட்டால் எல்லாம் சரியாகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ரோப்சன் விடவில்லை.

1952ஆம் ஆண்டு தொடக்கத்தில் கனடாவின் வான்கூவர் நகரில் நடந்த சுரங்கத் தொழிலாளர் மாநாட்டுக்கு அவரை அழைத்திருந்தார்கள். அக்காலத்தில் கனடா செல்ல அமெரிக்கர்களுக்குக் கடப்பிதழ் தேவைப்படவில்லை. ஆனாலும் எல்லையில் தடுத்து நிறுத்தினார்கள். அவர் தொலைபேசி வழியாக மாநாட்டில் பாடினார். மே மாதம் தொழிற்சங்கத்தினர் வேறொரு வழி கண்டார்கள். இரு நாடுகளின் எல்லையில் ‘அமைதி வளைவு’ என்னும் பூங்கா இருக்கிறது. அமெரிக்கப் பக்கத்தில் ஒரு லாரியின் திறந்த பின்தளத்தில் ரோப்சன் நின்று பாடினார். எல்லைக்கு அப்பால், கனடாவின் புல்வெளியில், ஆயிரக்கணக்கானோர் கூடிக் கேட்டார்கள். எல்லைக்காவலர் அவரைத் தடுக்கலாம். குரலை எப்படித் தடுப்பது? தொடர்ந்து நான்காண்டுகள் அங்கே இக்கச்சேரி நடந்தது.

1956இல் நாடாளுமன்ற விசாரணைக்குழு அவரை அழைத்தது. பொதுவுடைமைக் கட்சியில் இல்லை என்று கையொப்பமிட்டால் கடப்பிதழ் கிடைக்கக்கூடும். ஒருவருடைய அரசியல் கருத்தைக் கேட்கும் உரிமை அரசாங்கத்துக்கு இல்லை என்று சொல்லி அவர் மறுத்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கலைவிழாவில் அவர் பாட வேண்டும் என்று விரும்பினார்கள். அட்லாண்டிக் கடலுக்கடியில் தொலைபேசிக் கம்பி இழுக்கப்பட்டு அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. நியூயார்க்கில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்து ரோப்சன் பாடினார். போர்த்கால் நகர மண்டபத்தில் 5,000 பேர் கேட்டார்கள். பின்னர்த் தொழிலாளர்களின் பாடற்குழு அவருக்காகப் பாடியது. அவர் இங்கிருந்து கேட்டார். 28 ஆண்டுகளுக்குமுன் இலண்டன் தெருவில் தொடங்கிய பாட்டு, இப்போது கடலுக்கடியில் இருபுறமும் பயணம் செய்தது.

1958 ஏப்ரலில் அவருக்கு 60 வயது நிறைந்தது. இந்தியாவில் அவருடைய பிறந்தநாளைக் கொண்டாட ஏற்பாடு நடந்தது. அமெரிக்க அரசாங்கம் அதைத் தடுக்க முயன்றும் பிரதமர் நேரு வாழ்த்து அறிக்கை வெளியிட்டார். இரண்டு மாதங்களில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஓவியர் ராக்வெல் கென்ட் தொடுத்த வழக்கில், அரசியல் நம்பிக்கையைக் காரணம் காட்டிக் கடப்பிதழை மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் ஆதரித்தனர், நால்வர் எதிர்த்தனர். எட்டாண்டுகளுக்குப் பிறகு ரோப்சனுக்குக் கடப்பிதழ் திரும்பக் கிடைத்தது. உடனே புறப்பட்டார். ஆகஸ்டில் வேல்ஸ் கலைவிழாவின் மேடையில் நேரிலேயே நின்றார். மறு ஆண்டு ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரில் மீண்டும் ஒத்தெல்லோவாக நடித்தார். 1960 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் இசையரங்கக் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது. ரோப்சன் அங்கே சென்று, மதிய உணவு வேளையில், சாரத்தின்மேல் அமர்ந்திருந்த கட்டுமானத் தொழிலாளர்களுக்காகப் பாடினார். இன்று உலகெங்கிலிருந்தும் கலைஞர்கள் பாட வரும் சிட்னி ஓப்பரா மாளிகையில், கட்டி முடியும் முன்பே முதலில் பாடியவர்களுள் அவர் ஒருவர்.

அதற்குமேல் உடல் ஒத்துழைக்கவில்லை. 1961 முதல் கடும் மனச்சோர்வு அவரை வாட்டியது. நீண்ட சிகிச்சைக்குப் பின் 1963இல் தாயகம் திரும்பினார். இரண்டாண்டுகளில் எஸ்லாண்டா காலமானார். ஃபிலடெல்ஃபியாவில் அக்காள் மரியனின் வீட்டில் ரோப்சன் அமைதியாக நாள்களைக் கழித்தார். நாட்டில் சமவுரிமைப் போராட்டம் வெற்றி மேல் வெற்றி பெற்ற ஆண்டுகள் அவை. அவற்றை அவர் பெரும்பாலும் தொலைவிலிருந்தே பார்த்தார். இளைய தலைமுறையினர் பலருக்கு அவர் பெயர்கூடத் தெரிந்திருக்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள், தம் 77ஆம் வயதில் மறைந்தார். அவருடைய அண்ணன் பெஞ்சமின் முன்பு போதகராக இருந்த ஹார்லெம் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. மழையிலும் ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்திருந்தனர்.

அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தின் புகழ்மண்டபத்தில் தலைசிறந்த ஆட்டக்காரர்களின் பெயர்கள் பொறிக்கப்படுவது வழக்கம். ரோப்சனைவிடத் திறமை குறைந்தவர்கள் பலர் அதில் என்றோ இடம்பெற்றுவிட்டார்கள். 1995ஆம் ஆண்டில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. ரட்கர்ஸ் சீருடையில் அவர் கடைசியாகக் காற்பந்து ஆடி அப்போது 77 ஆண்டுகள் ஆகியிருந்தன.